கோட்டம் எதுங்க?

நான் ஓய்வு பெற்ற பிறகும் பழைய பழக்கத்தில் ஒரு நாள் அலுவலகம் வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் நான் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் ஒன்றைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: “மேடம், இதுல பாதிக்கு மேல வாசல்லயே நின்னு கேள்வி கேக்கற வரியாவே இருக்குது. ஆப்ஷன் குடுத்தாங்களா, அதுக்கு மதிப்பு குடுத்தாங்களா, அந்த மதிப்பு பட்டியல்ல இருக்குதான்னு. வேலை செய்யற வரி கடைசியில கொஞ்சூண்டுதான். எதுக்குங்க இவ்வளவு சந்தேகம்?”

அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் பதில் ஒரு கரும்புக் கதை. நின்றபடி சொல்ல முடியாது. எனவே எழுதுகிறேன்.

கோவைக்கு வருவதற்கு முன், தொண்ணூறுகளின் நடுவில், காவிரிப் பாசனத்தில் இருந்த ஒரு சர்க்கரை ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு யூனிக்ஸ் இயந்திரம், அதோடு இணைந்த சில டெர்மினல்கள், கூரையே அதிரும்படி சத்தம் போடும் ஒரு பெரிய பிரிண்டர். பிரிவில் இரண்டே பேர். புரோகிராம் என் பொறுப்பு. அவற்றை ஓட்டி, தாள்களைப் பிரித்துக் கொடுப்பது ஆபரேட்டர் தங்கவேலண்ணன் பொறுப்பு. அவர் என்னைவிடப் பெரியவர். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் தற்காலிகப் பணியாளர். அவருக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். ஆனால் பெண் வீட்டார் ஒரு வார்த்தை வைத்திருந்தார்கள்: “மாப்பிள்ளை பெர்மனென்ட் ஆகட்டுமுங்க, அப்புறம் தட்டு மாத்திக்கலாம்.” அந்தப் பணி நிரந்தர உத்தரவு ஒருவழியாகத் தயாராகி, ஜெனரல் மேனேஜர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்த வாரத்தில்தான் இது நடந்தது.

கரும்பு விவசாயம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஆலையில் பதிந்த கரும்பை விவசாயி தன் விருப்பத்துக்கு வெட்ட முடியாது. ஆலை வெட்டு உத்தரவு கொடுக்க வேண்டும். ஒரு நாளில் ஆலை எவ்வளவு அரைக்குமோ அவ்வளவுக்குத்தான் உத்தரவு போகும். கூடுதலாக வெட்டினால் கரும்பு ஆலை வாசலில் வண்டியோடு காயும். காயக் காய எடை குறையும், சர்க்கரையும் குறையும். ஆகவே பாசனப் பகுதியைக் கோட்டங்களாகப் பிரித்து, இன்றைக்கு இந்தக் கோட்டம், இத்தனை மாதம் முதிர்ந்த கரும்பு மட்டும், என்று கரும்பு மேனேஜர் முடிவு செய்வார். அந்த முடிவை ஒரு வரியாகத் தட்டினால் எங்கள் ஸ்கிரிப்ட் உத்தரவுகளை அச்சடிக்கும். அந்தந்தக் கோட்டத்து ஃபீல்டுமேன்கள் அவற்றை மொபெட்டில் கொண்டுபோய் விவசாயிகளிடம் கொடுப்பார்கள். ஸ்கிரிப்டின் பெயரே வெட்டு. கழித்தல் குறியோடு வரும் k என்ற ஆப்ஷனுக்குப் பின்னால் கோட்டத்தின் எண், அதேபோல m என்ற ஆப்ஷனுக்குப் பின்னால் மாதம். அவ்வளவுதான்.

கரும்பு மேனேஜரை ஆலையில் எல்லோரும் ஐயா என்றுதான் சொல்வார்கள். சத்தியமங்கலத்துக்காரர். பாசனத்தில் உள்ள ஒவ்வொரு வாய்க்காலும் அவருக்கு மனப்பாடம். அவரிடம் யாரும் எதையும் இரண்டாவது முறை கேட்பதில்லை. பயம் என்று சொல்ல முடியாது. அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. பெரியவர் ஒன்று சொன்ன பிறகு “எதுங்க? இன்னொருக்கா சொல்லுங்க” என்பது மரியாதைக் குறைவு என்று ஆலையே நினைத்தது.

இதைக் கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டிருந்தது. எனக்கு முன் இருந்தவர் அந்த ஸ்கிரிப்டை எழுதிய புதிதில், கோட்டத்தைத் தவறாகக் கொடுத்தால் அது ‘இன்வேலிட்’ என்று சொல்லி நின்றுவிடுமாம். ஒரு நாள் ஐயா ஆசையாகத் தாமே உட்கார்ந்து தட்டியிருக்கிறார். எல்லாக் கோட்டத்துக்கும் கணக்குப் பார்க்க நினைத்து, எண்ணுக்குப் பதில் ‘எல்லாம்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறார். திரையில் ‘இன்வேலிட்’ வந்திருக்கிறது.

“என்னைய இன்வேலிடுன்னு சொல்றதுக்கு இது ஆருங்க?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

அன்றோடு அந்த மனிதர் எல்லாச் சோதனைகளையும் எடுத்துவிட்டார். கோட்டம் என்று எது வந்தாலும் பட்டியலில் தேடு. இல்லாவிட்டால் எல்லாக் கோட்டமும் என்று வைத்துக்கொள். மாதம் வராவிட்டால் எல்லா வயதும் என்று வைத்துக்கொள். அந்த வரிக்கு மேலே ஆங்கில எழுத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: ‘ஐயாவுக்கு எரர் வேண்டாம்.’

அண்ணனின் உத்தரவு காத்திருந்த அந்த வாரத்தில் ஒரு நாள் காலை நான் வந்த பஸ் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. நான் இல்லாத நேரத்தில் ஐயா தங்கவேலண்ணன் பக்கத்தில் நின்று அன்றைய வெட்டைச் சொல்லியிருக்கிறார். பிறகு இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

“கோட்டம்… இருங்க, பாத்துச் சொல்றனுங்க. மாசம் பதினொண்ணு போட்டுக்குங்க.”

அண்ணன் k போட்டார், கோட்டத்துக்கு ஓர் இடைவெளி விட்டார், m போட்டார், பதினொன்றைப் போட்டார். அதற்குள் போன் அடித்தது. ஐயா யாரோடோ லாரி விஷயம் பேசினார். பேசி முடித்துத் திரும்பியவர், கோட்டத்தைச் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டார்.

“ஆச்சுங்களா?”

“ஆச்சுங்க ஐயா.”

“அப்ப அடிச்சுப்போடுங்க.”

அண்ணன் எண்டரைத் தட்டினார். திரையில் நின்றது இந்த வரி:

vettu -k -m 11

இப்போது நீங்கள் எழுதும் மொழிகளில் ஆப்ஷன்களைப் பிரிக்கத் தனி நூலகங்கள் இருக்கின்றன. ஆனால் அடியில் இருக்கும் விதி பலவற்றில் அதேதான். k-க்கு ஒரு மதிப்பு வேண்டும் என்று சொல்லிவைத்தால், அடுத்து எது வந்தாலும் அதுவே மதிப்பு. அடுத்து வந்தது -m. ஆக எங்கள் பாசனத்தில் ‘-m’ என்று ஒரு கோட்டம் உண்டாகிவிட்டது. பதினொன்று கேட்பாரற்று நின்றது. அப்படி ஒரு கோட்டம் பட்டியலில் இல்லை. எனவே எல்லாக் கோட்டமும். மாதம் வரவில்லை, எனவே எல்லா வயதும். முளை விட்டுக் கொஞ்ச நாளே ஆன பயிர் முதல் பூ விட்ட கரும்பு வரை, பாசனம் முழுவதையும் இன்றே வெட்டச் சொல்லிப் பிரிண்டர் முழங்கத் தொடங்கியது.

நான் உள்ளே நுழைந்தபோது ஐயா தம் அறைக்குப் போயிருந்தார். அண்ணன் தாளைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தார். காலையில் பிரித்த தாள் பெட்டி காலியாகி, இரண்டாவது பெட்டி பாதியில் இருந்தது. ஒரு கோட்டத்துக்கு ஒரு விரற்கடைத் தாள் போதும். நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் பிரிண்டரை நிறுத்தினேன்.

“அண்ணா, இதென்ன இத்தனை தாளு?”

“எனக்கும் எச்சாத்தான் தெரிஞ்சுதுங்க அம்மணி. ஐயாவே பக்கத்துல நின்னு அடிக்கச் சொன்னாரு. பெரியவங்க ஏதாவது ரோசனை வெச்சிருப்பாங்கன்னு உட்டுப்போட்டனுங்க.”

“ஃபீல்டுமேனுங்க எங்க?”

“ஒவ்வொரு கட்டா வாங்கிட்டுப் போயிட்டாங்க. கடைசிக் கோட்டம் மட்டுந்தானுங்க பாக்கி.”

வெளியே நிறுத்தியிருக்கும் மொபெட்டுகளில் ஒன்றுகூட இல்லை. அத்தனை ஃபீல்டுமேன்களும் வழக்கத்தைவிடப் பலமடங்கு கனமான கட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் கிளம்பியிருக்கிறார்கள். ஆபீஸ் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும்.

அண்ணன் திரையைப் பார்த்தார். வரியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். “என்ற கல்யாணம் போச்சுங்க அம்மணி” என்றார். சத்தமே இல்லாமல்.

ஐயாவிடம் ஓடினேன். நடந்ததைச் சொன்னதும் அவர் முதலில் என்னை நம்பவில்லை. பாக்கியிருந்த கட்டைக் காட்டியதும் நம்பினார். ஜீப்புகளை வரவழைத்தார். இருந்ததே இரண்டு ஜீப்புதான். ஒன்றை எடுக்க, வண்டிகள் நிற்கும் யார்டைக் கவனிக்கும் காதர் அண்ணன் வந்தார். கோவை கோட்டைமேட்டுக்காரர். எந்த நெருக்கடியிலும் வெற்றிலையை நிதானமாக மடிப்பவர்.

“எந்த ஃபீல்டுமேனை முதல்ல புடிக்கறதுங்க ஐயா?” என்றார் காதர் அண்ணன். “ஆளுக்கொரு திக்குல போயிட்டானுங்க. நம்ம ஜீப்பு போற வேகத்துக்கு அவனுங்க ஊட்டுக்கு ஊடு தாளைக் குடுத்துட்டு மத்தியானச் சோத்துக்கே வந்துருவானுங்க.”

எனக்கும் அதே கவலைதான். துரத்த வேண்டியவை நூற்றுக்கணக்கான தாள்கள். ஐயா மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடித் திறந்து மூடித் திறந்து கொண்டிருந்தார். நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் இரண்டு ஜீப்பையும் இரண்டு பக்கமும் விரட்டியிருப்பேன். ஓடுவதே ஏதோ செய்வதுபோல இருக்கும். அவர் ஓடாமல் யோசித்தார்.

“தாளு கரும்பை வெட்டாதுங்க” என்றார். “தாளை வாங்குனவங்க எல்லாரும் எங்க போவாங்க? வெட்டாளு மேஸ்திரிகிட்டத்தானே போவணும். மேஸ்திரி நமக்கு எத்தனை பேரு?”

“ரெண்டு பேருங்க” என்றார் காதர் அண்ணன், வெற்றிலையை வாயில் போடாமலே. “ஒருத்தரு ஆத்தங்கரையில, ஒருத்தரு வாய்க்கா மேட்டுல.”

“ரெண்டு ஜீப்பு இருக்குதுங்களே.”

அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் உங்களுக்கு எழுத நினைத்தேன். தவறான தரவு நூறு பக்கம் பரவிவிட்டால், நூறு பக்கமும் ஓடாதீர்கள். அது எந்த வாசல் வழியாக உள்ளே போயாக வேண்டும் என்று பாருங்கள். அங்கே போய் நில்லுங்கள்.

காதர் அண்ணன் வாய்க்கால் மேட்டுக்குப் போனார். நானும் ஐயாவும் ஆற்றங்கரைக்குப் போனோம். வெட்டாட்கள் தென்னாற்காட்டிலிருந்து பருவத்துக்கு வந்து, ஓலைக் குடிசை போட்டுத் தங்கியிருப்பவர்கள். நாங்கள் போனபோது குடிசைகளுக்கு முன்னால் திருவிழாக் கூட்டம். மேஸ்திரி கயிற்றுக் கட்டிலில் நடுவாக உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் விவசாயிகள், ஆளுக்கொரு தாளோடு.

“மேஸ்திரி, நம்ம காட்டுக்குத்தான் மொதல்ல வரோணும், சொல்லிப்போட்டேன்.”

“ஏனுங்க, எனக்குந்தானுங்க இன்னைக்கே தேதி போட்டிருக்குது.”

ஐயாவைப் பார்த்ததும் மேஸ்திரி எழுந்து கும்பிட்டார். “வாங்க சாமி. நல்ல நேரத்துல வந்தீங்க. போன பருவத்துல வேலை குடுங்கன்னு நான் இவங்க ஊடு ஊடா நடந்தேன். இன்னைக்கு மொத்த ஊரும் என்னை மாப்பிள்ளை கேக்குது. யாருக்குன்னு வாக்குக் குடுக்கறது?”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் என்ன சொல்வார் என்று நானும் பார்த்தேன். ‘ஆலையில் ஏதோ மாற்றம்’ என்று பொதுவாகச் சொல்லித் தாள்களை வாங்கிவிடலாம். ‘கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு’ என்றும் சொல்லலாம். அந்தக் காலத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். ‘ஆபரேட்டர் தப்பா அடிச்சுப்போட்டான்’ என்றாலும் நம்புவார்கள்.

ஐயா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“தப்பாப் போச்சுங்க. கோட்டம் எதுன்னு நான் சொல்லாம உட்டுப்போட்டேன். எல்லாருக்கும் தாளு வந்துருச்சு. அது செல்லாதுங்க. இன்னைக்கு வெட்டு தெக்கத்திக் கோட்டத்துக்கு மட்டுந்தான்.”

முதலில் பேசியவர், தாளைக் காற்றில் ஆட்டிக்கொண்டிருந்த ஒரு கவுண்டர்.

“அதுக்கென்னுங்க. தாளுதானுங்களே. நானும் நெனச்சேன், நட்டு எட்டு மாசந்தானே ஆச்சு, ஐயா நம்ம கரும்பு மேல எச்சா பாசம் வெச்சுட்டாரோன்னு.”

“நெனச்சீங்களே, கேக்கப்படாதுங்களா?” என்றேன் நான்.

“ஆலை சொல்றதை எப்படீங்க அம்மணி கேக்கறது? மரியாதையா இருக்குமுங்களா?” என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். “ஒண்ணு சொல்லோணுமுங்க. மேஸ்திரிக்குக் காத்திருக்கக் கூடாதுன்னு நானும் என்ற மச்சானுமா ஒரு ஓரத்துல வெட்ட ஆரம்பிச்சுப்போட்டோமுங்க.”

ஐயாவின் முகம் ஒரு கணம் விழுந்தது. எட்டு மாதக் கரும்பு ஆலைக்கு உதவாது. ஜீப்பில் ஏறி அந்தக் காட்டுக்குப் போனோம். வெட்டிப் போட்டிருந்த கரும்பில் ஒன்றை எடுத்து, கணுக்களை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

“விதைக் கரணைக்கு இதைவிட எளசா எங்கீங்க கெடைக்கும்? கோயில் பக்கம் ரெண்டு பேரு நடவுக்குக் கரணை கேட்டுட்டு இருக்கறாங்க. இன்னைக்கே ஆளனுப்பி எடுத்துக்கச் சொல்றேன்.” கவுண்டரின் மச்சான், இந்தத் திட்டத்தைத் தானே போட்டதுபோல, அரிவாளைத் துடைத்து இடுப்பில் செருகினார்.

காதர் அண்ணன் ஒரு கட்டுத் தாளோடு திரும்பினார். அவர் பக்கம் யாரும் வெட்டவே தொடங்கவில்லை. மேஸ்திரியைச் சம்மதிக்க வைக்கும் பேச்சிலேயே காலை போயிருந்தது.

கரும்பு தப்பித்தது. தங்கவேலண்ணன் இன்னும் தப்பவில்லை. ஜெனரல் மேனேஜருக்குச் செய்தி போய்விட்டது. ஐயாவையும் எங்கள் இருவரையும் அழைத்தார். போனோம். மேசையில் அண்ணனுடைய உத்தரவு கையெழுத்தில்லாமல் கிடந்தது.

“யாரு டைப் பண்ணது?” என்றார். அதுதான் முதல் கேள்வி. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டால் அண்ணனின் கதை முடிந்துவிடும், பதிலோ உண்மைதான்.

“நான்தானுங்க சார்” என்றார் அண்ணன்.

“சார், ஒரு தடவை நீங்களே டைப் பண்ணிப் பாருங்களேன்” என்றேன். “பிரிண்டர் நிறுத்தித்தான் இருக்கு. திரையில மட்டும் வரும்.”

அவர் புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் எழுந்து எங்கள் பிரிவுக்கு வந்தார். டெர்மினலில் உட்கார்ந்தார்.

“கோட்டம் வர்ற இடத்துல என்ன போடறது?”

“உங்களுக்கு என்ன தோணுதோ அது.”

அவர் யோசித்து, தம் வீட்டு நாயின் பெயரை அடித்தார். டைகர். திரை ஒரு நொடி யோசித்தது. பிறகு பாசனத்தின் அத்தனை கோட்டத்து விவசாயிகளின் பெயர்களும் விர்ரென்று ஓடத் தொடங்கின. ஜெனரல் மேனேஜர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார்.

“என்ன இது? நாய் பேரைச் சொன்னா ஊர்க் கரும்பு மொத்தத்தையும் வெட்டச் சொல்லுது?”

“என்ன சொன்னாலும் அப்படித்தான் சார். தப்புன்னு சொல்ல அதுக்குத் தெரியாது.”

“ஏன் தெரியாது?”

‘ஐயாவுக்கு எரர் வேண்டாம்’ என்ற அந்தக் குறிப்பு வரி என் நாக்கு நுனியில் இருந்தது. ஐயா தாமாகவே ஓர் அடி முன்னால் வந்தார்.

“எனக்காகத்தானுங்க எடுத்துட்டாங்க. ஒருக்கா என்னைத் தப்புன்னு சொல்லிச்சு, நான் கோவிச்சுட்டேன். கோட்டம் சொல்லாம உட்டது நான். கேக்காம உட்டது தங்கவேலு. கேக்காம உட்டது கம்ப்யூட்டரு. கேக்காம எடுத்துட்டுப் போனது என்ற ஃபீல்டுமேனுங்க. இதுல தங்கவேலுவ மட்டும் புடிச்சா நாயமில்லீங்க.”

ஜெனரல் மேனேஜர் இன்னும் ஓடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தார். “இதை மொதல்ல நிறுத்தும்மா” என்றார் என்னிடம். பிறகு அறைக்குத் திரும்பி, உட்காராமலே, அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டு அண்ணனிடம் நீட்டினார். “மறுபடி இப்படி வந்தா, நாய்க்குத்தான் பெர்மனென்ட் குடுப்பேன்” என்றார்.

வெளியே வந்ததும் ஸ்கிரிப்டைத் திருத்தி எழுத ஐயாவிடம் அனுமதி கேட்டேன். விதிகளையும் சொன்னேன். சொல்லாததை அதுவாக நிரப்பிக்கொள்ளாது. k-க்குப் பின்னால் கழித்தல் குறியோடு ஒன்று வந்தால், அதைக் கோட்டம் என்று எடுக்காது. தெரியாத பெயருக்கு எல்லாம் என்று பொருள் கொள்ளாது. உண்மையிலேயே எல்லாக் கோட்டமும் வேண்டுமானால் அதற்கென்று தனி ஆப்ஷன். அதைக் கொடுத்தால் இன்னொரு முறை கேட்கும். எல்லாக் கேள்விகளும் முடிந்த பிறகுதான் முதல் தாள் அச்சாகும். பாதி அச்சடித்துவிட்டுச் சந்தேகப்படாது. இந்தக் கோட்டம், இந்த மாதம், இத்தனை உத்தரவு என்று தனக்குப் புரிந்ததைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கும்.

ஐயா எல்லாவற்றையும் கேட்டார்.

“தப்புன்னு சொல்லட்டுமுங்க அம்மணி. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. ஊட்டுக்கு வந்தவங்களை வாசல்ல நிறுத்திக் கேக்கறதுக்கும் ஒரு மொறை இருக்குதுங்களே. ‘இன்வேலிட்’னு மட்டும் வேண்டாம்.”

அதனால் எரர் செய்திகள் அத்தனையும் ஆங்கில எழுத்தில் கொங்குத் தமிழ் ஆயின. ‘கோட்டம் எதுங்க?’ ‘மாசம் சொல்லலீங்களே.’ ‘அந்தப் பேர்ல நம்மகிட்டக் கோட்டம் இல்லீங்க. பட்டியல் இதுங்க.’ எங்கள் மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை. அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றிலும் ‘ங்க’ விட்டுப்போயிருக்கிறதா என்று அவரே சரிபார்த்தார்.

புது ஸ்கிரிப்டை முதலில் ஓட்ட ஐயாவே வந்தார். பின்னால் நானும் அண்ணனும், கதவருகே வெற்றிலையோடு காதர் அண்ணனும். ஐயா விசைகளை ஒவ்வொன்றாகத் தேடி, வெட்டு என்று அடித்தார். k போட்டார். வேண்டுமென்றே, எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பழையபடி ‘எல்லாம்’ என்று அடித்து எண்டரைத் தட்டினார்.

‘அந்தப் பேர்ல நம்மகிட்டக் கோட்டம் இல்லீங்க’ என்றது திரை.

ஐயா படித்தார். இன்னொரு முறை படித்தார். முகம் மலர்ந்தது. பதில் சொல்லாமல் போவது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, குனிந்து நிதானமாக, ‘செரிங்க’ என்பதை seringa என்று அடித்து எண்டரைத் தட்டினார்.

அந்த நேரத்தில் எங்கள் ஸ்கிரிப்ட் வேலையை முடித்துவிட்டு வெளியேறியிருந்தது. பதிலை வாங்கியது, அதற்கு அடியில் ஓடும் யூனிக்ஸ்தான். seringa: not found என்றது.

ஐயா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“இதுக்கு மட்டும் இன்னும் மரியாதை வரலீங்களே அம்மணி.”

“அது அசலூருங்க ஐயா” என்றார் தங்கவேலண்ணன்.